துரைமாடன் கேட்ட சிவப்புத் துணி

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருவார்களாம், புளியமரத்தடியில் ஒருத்தி சுண்ணாம்பு கேட்பாளாம், குனிந்து பார்த்தால் கால் இருக்காதாம். அந்தப் பேய் ஏன் ஒரு நாளாவது பகலில் வரவில்லை, ஏன் சாராயக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும் வருகிறது என்று கேட்கிறவன் ஒருவன் கிடையாது. நான் கேட்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டே, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஆகாதவன் ஆனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அவருக்கு மேலே உள்ள எல்லோருக்கும் பெருவிரல்தான் கையெழுத்து. பாளையங்கோட்டை விடுதியில் புளித்த சோற்றைத் தின்று படித்து, மெட்ராஸுக்குப் போய் விமானப் பராமரிப்பும் படித்துத் திரும்பியவன், திருநீற்றுத் தட்டுக்கு முன்னால் கைகட்டி நிற்பானா? நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரியுங்கள், நானே எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்தவன்தான். ஆனால் நான் சொல்லப்போவது சுள்ளென்று வெயில் அடிக்கிற நேரத்தில், ஊரே கூடி நிற்கும்போது நடந்தது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் எதற்கு, இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு பேர் உட்காருகிற பழைய விமானம் ஒன்று, அதை ஓட்ட ஒரு கேப்டன், அதைப் பார்த்துக்கொள்ள இன்ஜினியர் சந்தானம் சார், எடுபிடிக்கு நான். பொருட்காட்சி நடக்கிற ஊர்களாகப் போய், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஒரு சுற்று பறக்கவைத்து இறக்கிவிடுவது தொழில். ராட்டினத்துக்கு ரெக்கை முளைத்த மாதிரி. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், நெல்லையில் தேரோட்டத்தை ஒட்டிப் பொருட்காட்சி போட்டிருந்தபோது எங்கள் ஊர்ப் பக்கமே வந்தோம். ஆற்றுப் பாசனம் முடிந்து கரிசல் ஆரம்பிக்கிற இடத்தில், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு அது அரசாங்கம் சும்மா கொடுத்த களம். மிளகாய் வத்தலும் உளுந்தும் அதில்தான் காயும். விமானம் வரும்போது வாரியலால் ஓரமாக ஒதுக்குவார்கள், போனதும் திரும்பப் பரப்புவார்கள்.

உலகத்தில் எங்கே ஒரு விமானம் விழுந்தாலும், எதனால் விழுந்தது, இனிமேல் யாரும் எதைச் செய்யக்கூடாது என்று விசாரித்து அச்சடித்து ஒவ்வொரு கம்பெனிக்கும் அனுப்பிவைப்பார்கள். செத்தவன் இருக்கிறவனைக் காப்பாற்றுவதற்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது. நான் இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன். சந்தானம் சார் அந்தத் தாள்களை ஆயில் சொட்டுகிற இடத்தில் விரிப்பார். மதியம் பரோட்டாவும் அதன் மேல்தான்.

"என்னலே, பரீட்சையா எழுதப் போற?" என்பார்.

"இல்ல சார், நம்ம பிளேன் மாதிரிதான் ஒண்ணு விழுந்திருக்கு."

"விழுந்தவன் விழுந்தான். நம்மது நிக்குல்லா? அந்தத் தாள இப்பிடித் தா, கை தொடைக்கணும்."

இத்தனைக்கும் அவர் படித்தவர், லைசென்ஸ் வாங்கினவர், சட்டைப் பையில் நாலு பேனா. இப்படிப்பட்டவர்கள் கையில்தான் நம் உயிர் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒரு சமாச்சாரத்தை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. விமானத்தை நிறுத்திவைத்தால் காற்று அதன் வாலையும் இறக்கை நுனியையும் பிடித்து ஆட்டி உடைத்துவிடும். அதிலும் எங்கள் பக்கத்து ஆனிக்காற்று, ஆளையே தள்ளும். அதனால் ஓட்டுகிறவர் கையில் பிடிக்கிற பிடி இருக்கிறதே, கார் ஸ்டியரிங்கைப் பாதியாக நறுக்கினது மாதிரி, அதன் தண்டில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஒரு கம்பியைச் செருகிவிட்டால் பிடி அசையாது, வாலும் அசையாது. அதற்குப் பெயர் பூட்டு. கிளம்பும்போது மறந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் நுனியில் நீளமாகச் சிவப்புத் துணி தொங்கும். மறந்தால் என்ன ஆகும்? இன்ஜின் ஓடும், சக்கரம் உருளும், வேகம் பிடிக்கும், தரையைவிட்டுக் கிளம்பக்கூடச் செய்யலாம். பிடியை இழுத்தால் மட்டும் வராது. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஆகாது. அந்தத் தாள்களில் இப்படிச் செத்தவர்கள் உண்டு.

இப்போது எங்கள் ஊர்ச் சாமிக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் அந்த ஓடுதளத்திலிருந்து கிளம்பிய ஒரு வெள்ளைக்காரப் பையன், கிளம்பின சூட்டிலேயே கரிசலில் குத்திச் செத்துப்போனான். விமானத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை. இன்ஜின் நின்றுபோய் விழுந்தான் என்பது ஊர்ப்பேச்சு. அகால மரணம் அடைந்தவனைச் சும்மா விடுவார்களா நம்மவர்கள்? விழுந்த இடத்தில் மண்ணைக் குழைத்து ஒரு பீடம் எழுப்பி, சுண்ணாம்பு அடித்து, துரைமாடன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சுடலைமாடனுக்குத் தம்பி முறையாம். பன்ரொட்டியும் அவித்த முட்டையும் சுருட்டும் படையல். வருஷம் ஒரு தடவை ஆனியில் கொடை, அதாவது சாமிக்குத் திருவிழா. பக்கத்திலே ஒரு உடைமரம், அதில் முள்ளைவிடப் பூட்டுகள் அதிகம். எல்லாம் திறந்த பூட்டுகள். ஏனென்றால் சாமி வந்து ஆடுகிறவன் ஒவ்வொருத்தரையும் பார்த்து, "பூட்டை எடுத்தியாலே?" என்று கேட்பான். அதனால் கொடை அன்றைக்கு ஊரில் எந்த வீட்டையும் பூட்டமாட்டார்கள். பெட்டி, அலமாரி, பெட்டிக்கடை, பஞ்சாயத்து ஆபீஸ் எதற்கும் அன்றைக்குப் பூட்டு கிடையாது. பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகிறதா, கோர்ட்டில் வழக்கு இழுக்கிறதா, ஒரு பூட்டை வாங்கித் திறந்து மரத்தில் மாட்டு, தடை விலகும். இதற்காகவே பாளையங்கோட்டையிலிருந்து ஒருவன் கூடை நிறையப் பூட்டோடு வந்து கடை போடுவான்.

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அந்தப் பையன் பூட்டை எடுக்காமல் கிளம்பிச் செத்திருக்கிறான். பட்டாளத்தில் சமையலுக்கு நின்ற நம் ஆள் எவனாவது அதைக் கேட்டுவிட்டு ஊரில் சொல்லியிருப்பான். அது அப்படியே சாமி வாக்காகிவிட்டது. ஒரு உயிரைக் கொடுத்து வாங்கின பாடம், அதைக் கல்யாணத் தடைக்கு நேர்த்திக்கடன் ஆக்கிவைத்திருக்கிறார்கள். கொடைக்கு முந்தின நாள் டீக்கடையில் இதைச் சொன்னேன்.

"பூட்டுன்னா வீட்டுப் பூட்டு இல்ல அண்ணாச்சி. பிளேன் பூட்டு."

டீக்கடை சுடலை அண்ணாச்சி ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டார். "அப்பொ எம் மவளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதே, அது பிளேன்லயா வந்துது?"

கடையே சிரித்தது. அவர் மாப்பிள்ளை ரெண்டாம் மாதமே ஓடிப்போனவன் என்பதை அங்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மறுநாள் மதியக்கொடைக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் பார்த்ததுதான், விடுதிக்குப் போன பிறகு பார்த்ததில்லை. சாமியாடி யார் என்று நினைக்கிறீர்கள், மாட்டுத் தரகர் சங்கரபாண்டி. துண்டைப் போட்டு மூடி உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற சாதுரியம் எல்லாத் தரகருக்கும் உண்டு, இவர் அதோடு நிற்கமாட்டார். பல்லை அராவிக் கிழட்டு மாட்டை இளசு என்று விற்பார், மடிவற்றின பசுவோடு வேறொரு கன்றைக் கட்டிக் கறவை என்பார். எங்கள் அப்பா தலையிலேயே ஒரு நொண்டியைக் கட்டினவர். ஒரு சாமிக்கு இறங்க வேண்டும் என்றால் ஊரில் வேறு உடம்பா கிடைக்கவில்லை?

எல்லா மாடனும் நின்று ஆடும், துரைமாடன் உட்கார்ந்து ஆடும். அதுதான் எங்கள் ஊர் விசேஷம். மேளம் சூடு பிடித்ததும் சங்கரபாண்டி மண்ணில் தொப்பென்று உட்கார்ந்தார். காலை முன்னால் நீட்டினார். கையில் வைத்திருந்த கம்பைக் குறுக்காக நெஞ்சுக்கு முன்னால் பிடித்து வயிற்றை நோக்கி இழுத்தார். கம்பு பாதியில் நின்றது. அந்தக் கம்பை யாரும் பிடித்திருக்கவில்லை, ஒன்றும் தடுக்கவில்லை, ஆனால் கழுத்து நரம்பு புடைக்க இழுத்தும் அது வரவில்லை. நீட்டின பாதங்கள் இரண்டும் மாற்றி மாற்றி எதையோ மிதித்தன. வலது, இடது, வலது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பூட்டு என்ற வார்த்தையைச் சமையல்காரன் சொல்லியிருப்பான். ஆனால் பிடியைக் கையால் இழுத்துக்கொண்டே காலடியில் உள்ள இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்ப்பது, உள்ளே உட்கார்ந்தவன் மட்டும் செய்வது. உள்ளே இருந்தவன் அதை யாரிடமும் வந்து சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் பயிற்சி எடுக்கும்போது எவனாவது எட்டிப் பார்த்திருப்பான் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எழுந்த சங்கரபாண்டி வரிசையாகத் திருநீறு போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொருத்தரிடமும் அதே கேள்வி, "பூட்டை எடுத்தியாலே?" அவர்களும், "எடுத்துட்டேன் சாமி." என் முன்னால் வந்ததும் நின்றார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். முகத்துக்கு நேரே சுருட்டு நாற்றம். கேட்டார்:

"துணி எங்கலே?"

எனக்குப் புரியவில்லை. மறுபடியும், இன்னும் சத்தமாக, "செவப்புத் துணி எங்கலே? துணியக் காணுமே!"

கூட்டத்தில் ஒரு கிழவர் உடனே மொழிபெயர்த்தார். "சாமி பட்டு கேக்காரு! வெறுங்கையோடயா வந்த?"

அம்மா கும்பிட்டபடியே என் விலாவில் இடித்தாள். "எய்யா, வாங்கிச் சாத்துதேன்னு சொல்லுய்யா. ஒரு வார்த்த சொல்லுய்யா."

"துணிதானே," என்றேன் நான். "எங்கப்பாகிட்ட மாடு விக்கையில தோள்ல ஒண்ணு கெடந்துதே, அதுக்குள்ள தேடிப் பாரும் வே."

என் பக்கத்தில் நின்ற சித்தப்பா பிடரியில் ஒன்று வைத்தார். சங்கரபாண்டி அதற்குக் கோபப்படவே இல்லை. சட்டையை விட்டுவிட்டு, "காணும், காணும்" என்று முனகிக்கொண்டே நகர்ந்துவிட்டார். அம்மா சாயங்காலமே ஒரு சிவப்பு ரவிக்கைத் துணி வாங்கிப் பீடத்தில் கட்டினாள். எல்லாச் சாமியும் பட்டு கேட்கும், இந்தச் சாமியும் கேட்டது, அவ்வளவுதான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த மதியம் காற்று ஏறிவிட்டது. நான் கொடையில் நிற்கிற அந்த நேரத்தில் ஓடுதளத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சந்தானம் சார் விமானத்தைப் பூட்டப் போயிருக்கிறார். பூட்டைக் காணோம். அது கேப்டனுடைய பையோடு டவுன் லாட்ஜுக்குப் போய்விட்டது. மனிதர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கருவிப்பெட்டியில் கிடந்த கறுப்பு போல்ட் ஒன்றை எடுத்து அந்த ஓட்டையில் செருகியிருக்கிறார். அளவு சரியாகப் பொருந்திவிட்டதில் சந்தோஷம் வேறு. அதில் துணி கிடையாது. இதையும் செய்யாதே என்று அவர் பரோட்டா தின்ற தாள்களில் ஒன்றில் எழுதியிருந்தது.

மறுநாள் காலை பொருட்காட்சிக் கூட்டம் வருவதற்கு முன்னால் கேப்டன் என்னை ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். நான் அதுவரை பறந்ததே இல்லை, துடைத்ததோடு சரி. சொன்னது வீட்டுக்குத் தெரிந்து, வீட்டிலிருந்து தெருவுக்குத் தெரிந்து, விடிந்ததும் எல்லோரும் ஓடுதளத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அம்மா விமானத்தின் மூக்கில் திருநீறு பூசப் போனாள். கேப்டன் சிரித்துக்கொண்டே, "பூசட்டும் பூசட்டும், பெட்ரோல் மிச்சம்" என்றார்.

கேப்டன் ஓய்வு பெற்றவர், எத்தனையோ தேசத்தில் ஓட்டினவர். அவ்வளவு ஓட்டினவருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சோதிப்பது கௌரவக் குறைச்சல். பிடியை நாலா பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பு என்று முதல் வகுப்பிலே சொல்லிக்கொடுப்பார்கள். அது கற்றுக்குட்டிகளுக்காம். போல்ட்டைச் செருகினவர் கேப்டன் எடுத்திருப்பார் என்று இருந்தார். கேப்டனுக்கோ போல்ட் இருப்பதே தெரியாது. சந்தானம் சார் வெளியே நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் கயிறுகளை அவிழ்த்து, சக்கரக் கட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு வலது பக்கத்து இருக்கையில் ஏறினேன். அங்கேயும் அதே மாதிரி இன்னொரு பிடி உண்டு.

"எதையும் தொடாம உட்காரு தம்பி," என்றார் கேப்டன். "கையை மடியில வெச்சுக்கோ. வாந்தி வந்தா ஜன்னல் பக்கம்."

தரையில் காலாலேயே திருப்பி ஓட்டலாம், பிடி வேண்டியதில்லை. அதனால் ஓடுதளத்தின் முனை வரைக்கும் நல்லபடியாகப் போனோம். திருப்பி நிறுத்தினார். எதிரே நீளமாகத் தரை, இரண்டு ஓரமும் சிவப்பாக வத்தல், அதற்கப்பால் என் ஜனங்கள். வேகக் கைப்பிடியை முழுக்கத் தள்ளினார். இன்ஜின் அலறியது, முதுகு இருக்கையில் ஒட்டியது, அம்மாவின் முகம் ஜன்னலில் கோடாகப் போனது.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், என் கை மடியில்தான் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. என் பக்கத்துப் பிடியை இரண்டு கையும் பிடித்திருப்பதை நானே அப்போதுதான் பார்க்கிறேன். வயிற்றை நோக்கி இழுக்கிறேன். வரவில்லை. கால் இரண்டும் மிதிக்கப் போகின்றன. என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் குரல் இல்லை:

"பூட்டை எடுத்தியாலே!"

கேப்டன் வேகக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து பிரேக்கில் ஏறி நின்றார். உயிருக்குப் பயந்து அல்ல, அவமானத்தில். வாழ்நாளில் அவரை யாரும் 'லே' போட்டதில்லை. விமானம் வழுக்கி ஓரத்துக்குப் போய் வத்தலுக்குள் பாய்ந்து நின்றது. முன்விசிறிக் காற்றில் சிவப்புத் தூசி எழும்பியது, வெளியே ஊரே தும்மியது, "எம் மொளகா போச்சே, பாவி!" என்று எங்கள் அத்தை அலறுவது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"எவன்கிட்டடா லே போடுற?" கேப்டன் கையை ஓங்கினார். அப்புறம் என் கையைப் பார்த்தார். நான் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் தன் பக்கத்துப் பிடியைத் தொட்டார், தள்ளினார், இழுத்தார். ஓங்கின கை பைய இறங்கியது. இன்ஜினை அணைத்தார். பிடிக்குக் கீழே தடவி, தடவி, அந்தக் கறுப்பு போல்ட்டை உருவி எடுத்தார்.

கதவுகள் மூடியிருந்தன. வெளியே தூசி, யாருக்கும் உள்ளே தெரியாது. போல்ட்டைப் பேண்ட்டில் தேய்த்தார். குனிந்து, இடது கால் சாக்ஸின் விளிம்பைப் பெருவிரலால் இழுத்து, அதை உள்ளே போட்டு, விளிம்பைச் சுண்டி விட்டார். என் பக்கம் திரும்பி உதட்டின் மேல் விரலை வைத்தார். ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டல் இருக்கிறதே, இரண்டு பேர் சாக இருந்ததை ஒரு கண்ணைச் சிமிட்டி முடித்துவிட முடியும் என்று நினைக்கிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இறங்கி எல்லோரிடமும், "இன்ஜின் கொஞ்சம் சூடு" என்றார். அப்பா என்னிடம் தாழ்ந்த குரலில், "பறக்கலியாய்யா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அன்று மத்தியானமே சந்தானம் சாரிடம் போனேன். "எழுதணும் சார்."

"எதை?"

"பூட்டுக்குப் பதிலா போல்ட் போட்டத. நடந்தத எழுதி அனுப்புனாத்தான் இன்னொருத்தன் இதே வேலையப் பண்ணமாட்டான்."

"எந்த போல்ட்டு? எங்கன இருக்கு? எடுத்துக் காட்டு." கையைத் துடைத்துக்கொண்டார். "பிளேன் விழுந்துதா? இல்ல. ஒருத்தன் செத்தானா? இல்ல. பெறவு என்னத்தலே எழுதுவ? நாங்க சாகலன்னா?"

நானே எழுதினேன். கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசுக்கு ஒன்று, அதற்கு மேலே உள்ள அரசாங்க ஆபீசுக்கு ஒன்று. அரசாங்கத்திலிருந்து பதில் இல்லை. மெட்ராஸிலிருந்து வந்தது, இனி நான் வேலைக்கு வர வேண்டாம் என்று. பிறகு போல்ட் கதையை டீக்கடையில் வெட்கமில்லாமல் சொன்னேன், கேட்ட ஒவ்வொருத்தனிடமும் சொன்னேன். எவனாவது ஒருத்தன் பாடமாக எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான். ஊர் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. அம்மா ரவிக்கைத் துணி சாத்தியதால் துரைமாடன் காப்பாற்றினார். அடுத்த வாரமே பூட்டுக்காரன் சிவப்புத் துணியும் விற்க ஆரம்பித்துவிட்டான்.

கை தானாகப் போனதற்கு என்னிடம் விளக்கம் உண்டு. அந்தத் தாள்களை அத்தனை படித்திருக்கிறேன், முந்தின நாள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன், மனசு எங்கோ ஓரத்தில் முடிச்சுப் போட்டிருக்கும். குரல் மாறியது பயத்தில். துணி கேட்டது தற்செயல். இந்த மூன்றையும் நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், சிரமப்பட வேண்டாம். ஆனால் சாக்ஸையும் விரலையும் சிமிட்டலையும் அடுத்த கொடை வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைத்ததாக இல்லை, போல்ட்டுதான் விஷயம், மற்றதைச் சொல்லத் தோன்றவில்லை. கேப்டன் அதன்பின் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது.

அடுத்த வருஷக் கொடை. அதற்குள் எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. வம்புக்காகவே லீவு போட்டுவிட்டுப் போனேன், கூட்டத்தின் இடது ஓரத்தில் நின்றேன். சங்கரபாண்டி உட்கார்ந்தார், காலை நீட்டினார், கம்பை இழுத்தார். நின்றது. மிதித்தார். இந்த இடத்தில் சாய்ந்து விழ வேண்டும், எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். விழவில்லை.

கம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அதற்குக் கீழே காற்றில் தடவினார். எதையோ உருவினார். தொடையில் தேய்த்தார். குனிந்து, சலங்கை கட்டியிருந்த வெறுங்காலில், கணுக்காலுக்கு மேலே இல்லாத ஒன்றின் விளிம்பைப் பெருவிரலால் இழுத்து, உருவினதை உள்ளே போட்டு, சுண்டி விட்டார். பிறகு திரும்பி உதட்டின் மேல் விரலை வைத்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். என்னைப் பார்த்து அல்ல. நான் இடது பக்கம் நிற்கிறேன். அவர் திரும்பியது வலது பக்கம், அங்கே யாருமே இல்லை.

முடிந்ததும் சோடா குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து உலுக்கினேன். "என்ன வே செஞ்சீரு இப்பொ? யாரு சொல்லித் தந்தா?"

"என்ன செஞ்சேன்?" என்றார். "மாட்டப் பத்திக் கேளு, சொல்லுதேன். சாமி செய்யுதது எனக்கென்னலே தெரியும்?" என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல துணி. என்ன வெல?" பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். அப்படி இல்லை.

இப்போது அதுவும் சடங்காகிவிட்டது. பூட்டை மாட்டினதும் கணுக்காலைத் தொட்டு, உதட்டில் விரல் வைத்துக் கும்பிடுகிறார்கள். குழந்தைகள்கூடச் செய்கின்றன. அது ஒரு திருட்டுத்தனம், ஒரு ஆள் தன் தப்பை மறைத்தது, அதைக் கும்பிடாதீர்கள் என்று கத்திப் பார்த்தேன். ஒரு பெரியவர் எரிச்சலோடு, "ஏலே, சாமியே பேசாதன்னு சொல்லுது, நீ என்னத்தலே பேசுத?" என்றார். படிக்காதவன் இதைச் சொன்னால் சாமி, படித்தவன் சொன்னால் ஆபீஸ், எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதெல்லாம் போகட்டும். போன கொடையில் ஒன்றைப் பார்த்தேன். கூட்டம் நெருக்கித் தள்ளியும், சாமியாடிக்கு வலது பக்கம் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டே நிற்கிறார்கள். படையலின்போது துரைமாடனுக்கு ஒரு இலை போட்டு, அந்த இடத்தில் சின்னதாக இன்னொரு இலை போட்டிருந்தார்கள். அதில் சோறும் வைத்து, தண்ணீரும் தெளித்திருந்தார்கள்.

"இந்த எல யாருக்கு அண்ணாச்சி? தொர தனியாத்தான செத்தான்?" என்று இலை போட்ட டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"கூட ஒருத்தன் இருந்தாம்லா," என்றார், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தே. "அவனுக்கு."